நாற்றம் வராத காலை

எங்கள் தெருவில் கொரோனாவுக்கு என்று தனியாக ஒரு பரிசோதனை இருந்தது. மூக்கில் குச்சி விடத் தேவையில்லை. காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். நாற்றம் வந்தால் ஆள் நலம். வராவிட்டால் சந்தேகம்.

இந்தப் பக்கம் வசிக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். போகிற போக்கில் மேற்கே நிற்கும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளை எல்லாம் விசாரித்துவிட்டு, அழுகிய முட்டையும் அடுப்பு கேஸும் கலந்த ஒரு நெடியை எங்கள் வீடுகளுக்குள் கொட்டிவிட்டுப் போகும். முற்பகலில் கடற்காற்று ஏறியதும் அது கலைந்துவிடும். இதற்காகப் பல வருடங்களாக மனு கொடுத்து வந்தோம். எழுதிக்கொடுத்தது பெரும்பாலும் நான்தான். பள்ளிக்கூட டீச்சர், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பது தெருவின் எண்ணம்.

வாசனை தெரியாமல் போவது நோயின் அடையாளம் என்று செய்தியில் சொன்னார்களோ இல்லையோ, எங்கள் மனுவின் நிலைமையே தலைகீழாகிவிட்டது. தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நிற்கிற பெண்கள் "சாப்டியா?" என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

"இன்னாக்கா, நாத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு வந்துச்சு. கும்முனு வந்துச்சு."

"அப்பாடி. எங்க வூட்லயும் எல்லாருக்கும் வந்துச்சு."

நாற்றம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நல்ல மணம் என்றும் பொருள் உண்டு என்று ஐந்தாம் வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் நம்பியதில்லை. அந்த வருடம் தெருவே நம்பியது.

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கம் என்பதால், சுகாதார நிலையத்து நர்ஸிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்களே இப்படிக் கேட்டா எப்படி டீச்சர்? வாசனை தெரியறவங்களுக்கும் கொரோனா இருக்கலாம். வாசனை தெரியாதவங்களுக்கு வெறும் ஜலதோஷமா இருக்கலாம். காய்ச்சல் பாருங்க, ஊசி போட்டுக்கச் சொல்லுங்க." வந்து தெருவில் அப்படியே சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையும் வாசலில் நின்று மூச்சை இழுத்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் இழுத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் சின்ன வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. எங்களுடையது ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சிறிய பள்ளிக்கூடம். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் தலைமையாசிரியர், பாதுகாப்பு ஏற்பாடுகளை எல்லாம் என் தலையில் கட்டினார். சாக்பீஸை நிறம் பிரித்து அடுக்குகிறவளிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கும் மகிழ்ச்சிதான். பெஞ்சுகளை அளவுநாடா வைத்துத் தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு பெஞ்சிலும் பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூ வரைந்தேன். குழாயடியில் சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வாசலில் பெயிண்டால் வட்டம் போட்டேன். அது காய்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைகள் அதில் பாண்டி ஆடிப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில்தான் இடித்தது.

வகுப்பறை ஜன்னல்களை எப்போதும் திறந்து வைக்க வேண்டும், காற்றோட்டம் முக்கியம் என்று வழிகாட்டுதலில் இருந்தது. அதை எழுதியவர் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பறைகளின் ஜன்னல்கள் எல்லாமே மேற்கே பார்த்தவை. எனக்கு நினைவு தெரிந்து அவற்றை யாரும் திறந்ததில்லை. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் கதவையும் சட்டத்தையும் சேர்த்தே பச்சை பெயிண்ட் அடித்ததில், ஜன்னல் சுவரோடு சுவராக ஒட்டிப்போயிருந்தது. நானும் பள்ளிக்கூடத்து ஆயாம்மாவும் தேங்காய் எண்ணெய் விட்டு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, ஒருவழியாகத் திறந்தோம். ஆயாம்மா கைதட்டினார். மறுநாள் காலை வந்து வகுப்பறைக் கதவைத் திறந்தால், உள்ளே கால் வைக்க முடியவில்லை.

"தெர்ஞ்சிதான் மூடி வெச்சாங்க முன்னாடி இருந்தவங்க" என்றார் ஆயாம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

அன்றைக்கே ஒரு தாய் என்னைத் தேடி வந்தாள். தெருமுனையில் கருவாட்டுக்கடை போட்டிருப்பவள். அவள் மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஆனால் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தை அந்தப் பெண் பார்த்ததே இல்லை. ஒன்றாம் வகுப்பு முழுவதும் அப்பாவின் போனில் நான் நடத்திய பாடமாகத்தான் போயிற்று. அவளுக்கு வீசிங் உண்டு. கொரோனாவுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மூச்சு இழுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் வைத்துப் பிழைத்து வந்தவள்.

"டீச்சர், ஜன்னல தொறந்து வெச்சிக்கினியாமே?"

"ஆமாம்மா. காத்தோட்டம் வேணும். மூடின ரூம்ல கொரோனா சீக்கிரம் பரவும்."

"தொறந்தா அந்தக் காத்துல என் கொயந்தைக்கு இஸ்த்துக்கும். மூடினா கொரோனா. எதுல மாட்டணும்னு நீயே சொல்லு. நீ படிச்சவ."

அவள் சண்டைக்கு வந்தவள் போலத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

"எனக்கு இன்னா, அனுப்பக் கூடாதுன்னா ஆச? எங்கூடவே கடையில குந்திகினு நெத்திலி வேற, வாள வேறன்னு பிரிச்சிகினு கீறா. வெலகூடச் சொல்றா. இப்டியே உட்டா எட்டு வயசுல ஏவாரி ஆய்டுவா. அ, ஆ மட்டும் மறந்துட்டா." கொஞ்சம் நின்று, "அந்த நாத்தம் வராத ரூமா ஒண்ணு குடு. நானே இஸ்த்தாந்து உக்கார வெச்சிட்டுப் போறேன்" என்றாள்.

அவள் போன பிறகு பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். மேற்கே ஜன்னல் இல்லாமல், கிழக்கே கடலைப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல்களோடு ஓர் அறை எங்களிடம் இருக்கத்தான் செய்தது. தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அதற்குள் போய் வந்திருக்கிறேன்.

"சார், கிழக்கு ஜன்னல் வெச்ச ரூம் நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்றேன் தலைமையாசிரியரிடம்.

"எது?"

"இதுதான் சார்."

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பரிசுக் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி, சுழல்நாற்காலி, கடைசியாக ஃபேன்.

"டீச்சர், இந்த ஃபேன் என் வீட்டுல இருந்து கொண்டுவந்து மாட்டினது."

"அது இங்கேயே இருக்கட்டும் சார். பிள்ளைங்களுக்கு ஆகும்."

"நான் எங்க உட்கார்றது?"

"வெளியில வாதாமரத்தடியில சார். காத்தோட்டமான இடத்துலதான் இருக்கணும்னு வழிகாட்டுதல்லயே போட்டிருக்கு."

அவர் எழுந்து சுழல்நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே போனார். இரண்டாம் வகுப்புக்கு அந்த அறை. மற்ற வகுப்புகளுக்கு, நெடி கலைந்த பிறகு முற்பகலில்தான் முதல் மணி. அதுவரை மேற்கு ஜன்னல்கள் மூடியிருக்கும், கடற்காற்று ஏறியதும் எல்லாவற்றையும் திறப்போம். இந்த ஏற்பாட்டைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கருவாட்டுக்காரம்மா வந்து அறையைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூரைகளுக்கு மேலே கொஞ்சமாகத் தெரிந்த கடலைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். "தொறக்கற அன்னிக்குக் கொண்டாந்து உடறேன்" என்றாள்.

கடைசி வாரம் முழுவதும் கழுவினோம். தரை, சுவர், பெஞ்ச், கதவுப்பிடி எல்லாம் பினாயில். ஆயாம்மா வாளியைச் சாய்த்தால் நான் தேய்ப்பேன். கையுறை போட்டும் நெடி விரல்களில் இறங்கிவிட்டது. சோறு பிசைந்தால் பினாயில். பூ தொடுத்தால் பினாயில். என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். "சமூக இடைவெளி" என்று விளக்கம் வேறு.

திறக்கும் நாள் வந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய் வாசலில் நின்றேன். முகக்கவசம், கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. ஆயாம்மா குழாயடியில் சோப்போடு தயார். தலைமையாசிரியர் வாதாமரத்தடியில் புதுச் சட்டையில், மழை வந்தால் இருக்கட்டும் என்று குடையைப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

யாரும் வரவில்லை.

முதல் மணி அடித்தோம். அடுத்த தெருவிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட இல்லை.

"என்ன டீச்சர், நேத்து எல்லாரும் சரின்னுதானே சொன்னாங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார். பிறகு, "ஆனா ஒண்ணு, இன்னைக்குக் காத்து அருமையா இருக்கு. கர்ச்சீப்பே எடுக்கல நான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் துப்பாக்கியை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

தெருவே வாசலில் நின்றிருந்தது. யூனிஃபார்ம் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரிய பிள்ளைகள் தாய்மாரின் முந்தானைக்குள் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வராத டீச்சர், கிட்ட வராத! தெருவுக்கே வந்துருச்சு!"

"என்ன வந்துருச்சு?"

"கொரோனா! காலைல இருந்து ஒருத்தருக்கும் நாத்தம் வர்ல."

"எங்க மாமியாருக்கு வர்ல, எனக்கு வர்ல, பால் போட வந்தவனுக்கும் வர்ல."

ஆட்டோ ஓட்டுகிறவர் வண்டிக்குள் உட்கார்ந்தபடி சத்தம் போட்டார். "இத்தினி வருசமா மனு குடுத்து நிக்காத நாத்தம் இன்னிக்கு எப்டிப்பா நிக்கும்? நம்ம மூக்குதான் அவுட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரம் அது இல்லை. மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையைக் காட்டினேன். அது மேற்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. "பாருங்க, காத்து திரும்பிடுச்சு. வாடைக்காத்து வந்துடுச்சு, கடல்லேர்ந்து அடிக்குது. புகை எல்லாம் அந்தப் பக்கம் போகுது. வருஷா வருஷம் மழைக்காலத்துல இப்படித்தானே?"

வருடா வருடம் அப்படித்தான். ஆனால் வேறு எந்த வருடமும் நாங்கள் நாற்றத்துக்காகக் காத்திருந்ததில்லை.

கருவாட்டுக்காரம்மா தன் கடை வாசலில் நின்றிருந்தாள். மகள் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் புதுப் பை, முகத்தில் பெரியவர்கள் அளவு முகக்கவசம், அதற்கு மேலே இரண்டு கண்கள்.

"காத்து திரும்பிச்சா, என் மூக்கு போச்சா, எனக்கு எப்டி டீச்சர் தெரியும்? எனக்குக் கீதுன்னா இவளுக்கும் கீது. இவளுக்கு வந்தா தாங்குமா?"

கேட்டது நியாயம். ஆட்டோக்காரர்தான் வழி சொன்னார். "அட, கருவாடு கீதுல்ல! மோந்து பாத்தா தெர்ஞ்சிடும். எக்கா, ஒரு வாளைய எடு."

அவள் ஒரு வாளைக் கருவாட்டை எடுத்துத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஒவ்வொருவராக வந்து, முகக்கவசத்தை இறக்கி, முகர்ந்துவிட்டு நகர்ந்தார்கள். கோயிலில் தீபாராதனை எடுத்துக்கொள்கிற ஒழுங்கு. "வருது!" "எனக்கும் வருது!" "அய்யோ, நல்லா வருது, எடுத்துட்டுப் போ!" என்று ஒவ்வொரு வாசலாகச் சிரிப்பு பரவியது. பிள்ளைகள் முந்தானையிலிருந்து வெளியே வந்தார்கள். மகளும் முகர்ந்தாள். "வாள" என்றாள், விலை சொல்லப்போகிறவள் மாதிரி.

கடைசியாக அவள் தாய் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெர்ல" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"ஏய், நெஜமாவா?"

"நெஜமாத்தான். நான் இதுலயே பொயுது பூரா கெடக்கறேன். இது எனக்கு என்னிக்குமே மணக்காது. இன்னிக்கு மணக்கலைன்னா எதுனாலன்னு எப்டிச் சொல்றது?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். இன்னும் ஓர் அடி. அவளும் மகளும் மட்டும் நடுவில் நின்றார்கள். அவள் ஒரு கையால் மகளின் பையைக் கழற்றத் தொடங்கினாள். மகள் விடவில்லை, பட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "குடுறி. இன்னிக்கு வேணாம். அப்பால போலாம்" என்றாள் தாய். 'அப்பால' என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும். நெத்திலி வேறு, வாளை வேறு.

தள்ளி நிற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வட்டம் போட்டுக்கொடுத்தவள் நான். என்னை அறியாமல் நாலு எட்டில் அவளிடம் போய், பையைக் கழற்றுகிற கையைப் பிடித்துவிட்டேன்.

"இரும்மா. அவசரப்படாதே. சுகாதார நிலையத்துல டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம், நானும் கூட..."

"ஐய!" என்று அவள் முகத்தைத் திருப்பினாள். "இன்னா டீச்சர் இது, பினாயில்லயே குளிச்சிட்டு வந்தியா? கொடல பொரட்டுது!"



"எக்கா," என்றார் ஆட்டோக்காரர் மெதுவாக, "இன்னா சொன்ன?"

அவள் என் கையைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு முறை முகர்ந்தாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "பினாயிலு" என்றாள். "தே, பினாயிலு!"

தெரு வெடித்துச் சிரித்தது. எதிர்வீட்டு அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தே விட்டார். "டீச்சர் கைய மோந்துதான் ஸ்கூலுக்குள்ள உடணும்னு ரூல் போடுப்பா" என்று யாரோ கத்தினார்கள். கூச்சமாக இருந்தது. அதைவிட, அப்பாடா என்று இருந்தது. சுகாதார நிலையத்துக்கு எப்படியும் ஒரு நடை போய்விட்டு வரும்படி அவளிடம் சொன்னேன். போய் வந்தாள். மாலையில் பரிசோதித்து, மறுநாள் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்தபோது நர்ஸ் மறுபடியும் தலையில் கை வைத்துக்கொண்டார். 

ஆனால் மகளை அதற்கும் அடுத்த நாள்தான் அனுப்பினாள். முடிவு தெரிந்த பிறகு. அது சரி என்றுதான் நானும் சொன்னேன். மற்ற பிள்ளைகள் முதல் நாளே என் பின்னால் வரிசையாக வந்தார்கள். வட்டத்தில் நிற்கச் சொன்னேன், வட்டத்துக்கு வட்டம் தாவினார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை தாயும் மகளும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்கள். நெற்றியில் துப்பாக்கியை வைத்ததும் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். சோப்புக் கயிற்றை இழுத்து விளையாடிவிட்டுக் கை கழுவினாள். கிழக்கு அறைக்குள் அழைத்துப்போய் மஞ்சள் பூவின் மேல் உட்காரச் சொன்னேன். அவள் உட்காராமல் என்னையே மேலும் கீழும் பார்த்தாள்.

"போன் டீச்சரா நீங்க?"

"ஆமா."

"இவ்ளோ பெருசாவா இருப்பீங்க?"

போனில் நான் அவள் உள்ளங்கை அளவுதான் இருந்திருப்பேன். ஆமாம், இவ்வளவு பெரிசுதான் என்றேன். ஜன்னலில் காற்று தாராளமாக வந்தது. மேலே தலைமையாசிரியரின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அ போட்டாள். ஆ போட்டாள். இ மறந்திருந்தது.

சில நாள் கழித்து மழை விட்டது. ஒரு விடியற்காலையில் காற்று பழையபடி நிலத்திலிருந்து திரும்பியது. படுக்கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. தெருவில் கதவுகள் திறக்கும் சத்தமும், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று குடத்தோடு யாரோ கூவியதும் கேட்டது. மகிழ்வதா மனு எழுதுவதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

இரண்டாம் வகுப்பு வழக்கம்போலச் சீக்கிரம் வந்தது. தாய் கை கழுவும் இடம் வரைக்கும் வந்து, மகளின் முகக்கவசத்தைச் சரிசெய்தாள். இப்போது அது அளவானது, பூப்போட்டது.

"இன்னிக்கு நாறுது டீச்சர்" என்றாள். "அந்த ரூம்ல?"

"வந்து பாரு."

மூன்று பேரும் போனோம். வராந்தாவில் நெடி இருந்தது. நல்ல முட்டை நெடி. வாதாமரத்தடியில் தலைமையாசிரியர் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கு அறைக்குள் நுழைந்ததும் தாய் நின்று மூச்சை இழுத்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அங்கேயும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வராந்தாவில் இருந்ததில் சிறு பங்குதான்.

மகள் தன் பூவின் மேல் போய் உட்கார்ந்தாள். தாய் அவள் மார்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏறியது, இறங்கியது, ஒழுங்காக. மகள் நோட்டைத் திறந்து, யாரும் சொல்லாமலே இ போட்டாள்.

"கட தொறக்கணும்" என்றாள் தாய், யாரிடமும் சொல்லாமல். கதவு வரை போய்த் திரும்பி, "டீச்சர், பினாயில மட்டும் கொஞ்சம் கொறச்சிக்க" என்றாள்.